நண்டின் கண்ணும் வேப்பம் மொட்டும்

கடலூரில், அலையோசை காதில் விழும் தொலைவில் உள்ள ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துவதாகக் குறிப்பிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது. "இயற்கை" என்று தலைப்புக் கொடுத்துக் கவிதை எழுதச் சொன்னால், மீனவர் வீட்டுப் பிள்ளைகள்கூட நிலா, மலர், குயில், பனித்துளி என்றே எழுதித் தருகிறார்கள்; வாசலில் கிடக்கும் கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிறு வயதில் இயற்கையைக் கண்டு எழும் ஆர்வமே கவிதைக்கு ஊற்று என்று சொல்லப்படுவது மெய்தானா? மெய்யென்றால் அந்த ஆர்வம் எவ்வழியில் கவிதையாகிறது? இதே மாவட்டத்தில் 32 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் என்ற முறையிலும், கெடிலக்கரையில் வளர்ந்தவன் என்ற முறையிலும், என்னால் இயன்ற விடையை எழுதுகிறேன்.

மெய்தான், ஆனால் பாதி மெய். அதை விளக்குவதற்கான சொற்கள் நம் இலக்கண மரபிலேயே இருக்கின்றன. தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், பறவை, விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனநிலைகள் உரிப்பொருள். நான் கண்டவரையில், ஒருவருக்குக் கருப்பொருள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உரிப்பொருளை வாழ்க்கை பிற்பாடுதான் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிற நாளில் கவிதை பிறக்கிறது. ஆகவே குழந்தையின் ஆர்வம் தன்னளவில் கவிதை ஆகிவிடாது. ஆனால் அந்த ஆர்வமே இல்லாமல் வளர்ந்தவருக்குப் பின்னாளில் காதலோ துயரமோ வந்து சேரும்போது, அதைச் சொல்வதற்குச் சொந்த ஊரின் பொருள் ஒன்றுகூடக் கையில் இருப்பதில்லை. இரவல் நிலாவும் இரவல் மலரும்தான் இருக்கும். உங்கள் மாணவர்களிடம் கருப்பொருள் இல்லாமல் இல்லை. அது கவிதைக்கு ஆகும் என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்னிடமும் யாரும் சொல்லவில்லை. 1960களில், கெடிலம் கடலோடு சேரும் கழிமுகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நீர் வற்றும் வேளையில் அங்கே கரிய சேற்றுப் பரப்பு வெளிப்படும். அதில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு நூற்றுக்கணக்கான வளைகள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஒரு நண்டும் வெளியே வராது. நூறு எண்ணும்வரை மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தால், முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு சேறு முழுவதும் நண்டாகிவிடும். அவற்றுள் சிலவற்றுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்கும். மற்றது இருப்பதே தெரியாது. அந்தப் பெரிய கொடுக்கை உயர்த்துவதும் இறக்குவதுமாக, யாரையோ கைதட்டாமல் அழைப்பதுபோல் அவை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். "ஆயா, அது யாரைக் கூப்பிடுது?" என்று கேட்டேன். "பொண்டாட்டி வேணுமாம் அதுக்கு, அதான் கூப்பிடுது" என்றார் என் ஆயா. பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்கு மட்டுமே உண்டு, அது பெண்ணை அழைக்கவும் மற்ற ஆண்களை விரட்டவும்தான் அதை அசைக்கிறது என்று உயிரியல் நூலில் நான் படித்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா சொன்னதில் பிழையே இல்லை.

நான் நெருங்கிப் பார்த்தது கொடுக்கை அன்று, கண்ணை. நண்டின் கண் முகத்தில் பதிந்திருப்பதில்லை. ஒரு சிறு காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கிறது. பயந்தால் அந்தக் காம்பையே மடக்கி ஓட்டின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் படுக்கவைத்துக்கொள்கிறது. அந்த வயதில் எனக்குத் தெரிந்த பொருள்களில் அதற்கு மிக நெருக்கமானது தீக்குச்சி. ஏழாம் வகுப்பில் கடற்கரையைப் பற்றி எழுதச் சொன்னபோது, "நண்டின் கண் தீக்குச்சி மருந்துபோல் நிமிர்ந்து நின்றது" என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நிலவு, தாமரை போன்ற நல்ல உவமைகளைக் கையாள வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார். அவர் நல்ல மனிதர். கெடுக்க வேண்டும் என்று செய்தவர் அல்லர். ஆனாலும் அடுத்த எட்டு ஆண்டுகள் நான் நிலவையும் தாமரையையும் மட்டுமே எழுதினேன், அவற்றுள் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில் இல்லை.

கல்லூரியில் ஐங்குறுநூறு பாடமாக வந்தது. மருதத்திணையில், ஓரம்போகியார் பாடிய பகுதியில், நண்டைப் பற்றியே ஒரு பத்துப் பாட்டு இருக்கிறது. அதன் கடைசிப் பாட்டு "வேப்புநனை அன்ன நெடுங்கண் கள்வன்" என்று தொடங்குகிறது. நனை என்றால் மொட்டு. கள்வன் என்பது இங்கே நண்டு. வேப்பம் மொட்டைப் போன்ற நீண்ட கண்ணையுடைய நண்டு. அப்போது பங்குனி மாதம். வகுப்பு முடிந்ததும் வேப்ப மரத்தடிக்குப் போய் ஒரு பூங்கொத்தை ஒடித்துப் பார்த்தேன். மெல்லிய காம்பு, அதன் நுனியில் நீள்வட்டமாக, அரிசியைவிடச் சிறிய மொட்டு. சங்கப் புலவர் பார்த்தது வயல் நண்டு, நான் பார்த்தது கழி நண்டு. ஆனால் இருவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறோம்: காம்பும் நுனியும் சேரும் இடத்தை. அகநானூற்றின் 176ஆம் பாட்டிலும் இதே உவமை வருகிறது. என் ஏழாம் வகுப்பு நோட்டில் அடிபட்ட அந்த வரிக்கு இவ்வளவு பழைய உறவினர் இருக்கிறார் என்பதை அறிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. இன்று இதை எழுதும்போதும் அந்த வேப்பங்கொத்தின் மணம் நினைவுக்கு வருகிறது.

இதிலிருந்து உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆர்வம் கவிதையாவதற்கான முதல் வாசல் உவமை. குழந்தை ஒரு புதிய பொருளைக் கண்டால் அதைத் தனக்குத் தெரிந்த பொருளோடு வைத்துப் பார்க்கிறது. வேறு வழி அதற்கு இல்லை, ஏனென்றால் பெயர் இன்னும் தெரியாது. தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளைச் சொல்கிறார்: செயல், விளைவு, வடிவம், நிறம். வேப்பம் மொட்டும் நண்டின் கண்ணும் வடிவத்தால் ஒத்தவை. என் வகுப்பறை அனுபவத்தில் குழந்தைகள் வடிவத்தையும் நிறத்தையும் செயலையும் மிக எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பயன் பற்றிய உவமையை மட்டும் அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஒரு பொருள் எதற்கு உதவும் என்று அவர்கள் இன்னும் கணக்குப் பார்க்கத் தொடங்கவில்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. பயனைக் கருதாமல் ஒன்றை நீண்ட நேரம் பார்க்கும் அந்த ஓய்வுதான் பின்னாளில் கிடைக்காமல் போகிறது.

நம் கரையிலேயே பிறந்த கவிஞரிடமிருந்து இதற்குச் சான்று தரலாம். 1891இல் புதுச்சேரியில் பிறந்து, நீண்ட காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பாரதிதாசன், "அழகின் சிரிப்பு" நூலில் கடலைப் பாடத் தொடங்கும்போது முதலில் சொல்வது நீலத்தை அன்று, மணலை. ஊருக்குக் கிழக்கே உள்ள பெருங்கடலின் ஓரமெல்லாம் "கீரியின் உடல்வண்ணம்போல் மணல் மெத்தை" என்கிறார். இந்த உவமையின் நேர்த்தியை அறிய, வெள்ளிக் கடற்கரையிலோ வீராம்பட்டினத்திலோ ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும். வெளிறிய பொடியும் கரும்பொடியும், இடையிடையே சிவந்த துகளும் கலந்திருக்கும். கீரியின் உடம்பும் ஒற்றை நிறம் அன்று. அதன் ஒவ்வொரு மயிரிலும் வெளிறிய வளையமும் கரிய வளையமும் மாறி மாறி வருகின்றன, எட்டி நின்று பார்க்கிறவருக்குத்தான் அது ஒரே சாம்பல் பழுப்பாகத் தோன்றுகிறது. மணலும் அப்படியே: எட்டி நின்றால் ஒரே நிறம், கையில் எடுத்தால் பல நிறம். வேலியோரத்தில் கீரியைத் துரத்திய சிறுவனுக்கும், மணலில் புரண்ட சிறுவனுக்கும்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். அதே பாட்டில், கரையில் ஏறுவதும் வீழ்வதும் புரள்வதுமாக இருக்கும் அலையைக் கல்வி நிலையத்து இளைஞர்களோடு ஒப்பிடுகிறார். முன்னது நிறத்தால் வந்த உவமை, பின்னது செயலால் வந்தது. முன்னது சிறுவனின் கண். பின்னது பள்ளி விடும் மணியை ஆண்டுக்கணக்கில் கேட்ட ஆசிரியரின் கண். ஒரே செய்யுளில் இரண்டு வயதுகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று நான் படிக்கிறேன்.

கருவும் உரியும் சந்திப்பது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று நற்றிணையின் 172ஆம் பாட்டு. எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கடற்கரையில் தலைவியைச் சந்திக்க வரும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். சிறு பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் தோழியரோடு விளையாடி, ஒரு புன்னை விதையை வெண்மணலுக்குள் அழுத்தினோம். பிறகு அதை மறந்துவிட்டுப் போய்விட்டோம். அது முளைத்தது. நெய் கலந்த இனிய பாலை ஊற்றி வளர்த்தோம். "உங்களைவிடச் சிறந்தது இது, உங்கள் தங்கை" என்று எங்கள் அன்னை இந்தப் புன்னையின் நலத்தைப் பாராட்டிச் சொன்னாள். ஆகவே இதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நீ விரும்பினால் நிழல் தரும் வேறு மரங்களும் இருக்கின்றன.

இந்தப் பாட்டில் காதல் புதியது, மரம் பழையது. விதையை மணலில் அழுத்தியபோது அந்தச் சிறுமிகளுக்குக் காதல் என்ற ஒன்று தெரியாது. அழுத்தினால் என்ன ஆகும் என்ற ஆர்வம் மட்டுமே இருந்தது, அதுவும் சற்று நேரத்தில் மறந்துபோனது. "மறந்தனம் துறந்த" என்று பாட்டே அந்த மறதியை எடுத்துச் சொல்கிறது. நாணம் என்ற உரிப்பொருள் வந்து சேரும் வயதில், அதை வெளியிடுவதற்கு அந்த மரம் அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அன்னையின் ஒரு சொல் இடையில் இல்லையென்றால் அது வெறும் மரமாகவே இருந்திருக்கும் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். குழந்தையின் விளையாட்டைப் பார்த்து, அதற்கு ஓர் உறவுப் பெயர் வைத்த பெரியவர் ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

ஐங்குறுநூற்று நெய்தலில் அம்மூவனார் பாடியது ஒன்று மூன்றே அடி. தான் மணலில் செய்த வண்டற்பாவையை அலை அடித்துக்கொண்டு போனதால் சினந்து, நுண்மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முயலும் ஒரு பெண்ணைத் தலைவனுக்குக் காட்டுகிறது அந்தப் பாட்டு. "நுண்பொடி அளைஇக் கடல்தூர்ப் போளே" என்ற அடியை எந்த உரையும் இல்லாமல் உங்கள் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேராவது அதைச் செய்திருப்பார்கள்.

கூர்ந்து பார்க்கும் கண் எப்போதும் சரியான முடிவுக்கே வரும் என்று சொல்ல மாட்டேன். அகநானூற்றின் 160ஆம் பாட்டைப் பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவர். கருவுற்ற ஆமை, அடும்புக் கொடி சிதையும்படி இழுத்துக்கொண்டு ஏறி, வெண்மணல் மேட்டில் மறைவாக முட்டையிட்டுப் புதைப்பதை அவர் பாடுகிறார். முட்டை யானைத் தந்தத்தால் செய்த வட்டைப் போல் இருக்கிறது என்கிறார். புலால் நாற்றம் வீசுகிறது என்றும் சொல்கிறார். வட்டு என்பது விளையாடும் காய். உருண்டையான வெண்ணிற முட்டையைக் கையில் எடுத்து, முகர்ந்தும் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். நம் கரையில் இன்றும் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறி, ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, ஒளி மிகுந்த தொடுவானத்தை நோக்கி ஓடுகின்றன. இவ்வளவு துல்லியமாகப் பார்த்த புலவர், குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை முட்டைகளைக் காக்கிறது என்றும் சொல்கிறார். உண்மையில் ஆண் ஆமை முட்டைக்குக் காவலாகக் கரையேறுவதே இல்லை. முட்டையைத் தனியே விட்டுப் போக யாருக்கு மனம் வரும் என்று எண்ணும் ஒரு பிள்ளை மனம் அந்த இடத்தில் பேசுகிறது. பாரதியின் குயில் பாட்டிலும் பாடுவது பெண் குயில். நம் தோப்புகளில் நீளமாகக் கூவுவதோ கருநிற ஆண் குயில்தான். இவற்றைப் பிழை என்று மாணவர்களிடம் மறைக்கவும் வேண்டாம், பிழை என்று பாட்டை ஒதுக்கவும் வேண்டாம். எது பார்த்தது, எது எண்ணிக்கொண்டது என்று பிரித்துக் காட்டினால், பார்ப்பதன் அருமை அவர்களுக்கு விளங்கும்.

பாரதியைச் சொன்னதால், என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய ஒரு தடையையும் நானே எடுத்து வைக்கிறேன். எட்டயபுரத்துக் கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்த அவருக்குக் கடல் குழந்தைப் பருவத்துக் கருப்பொருள் அன்று. 1908இல் புதுச்சேரிக்கு வந்தபோது அவருக்கு வயது 25. அப்படியிருந்தும் குயில் பாட்டின் தொடக்கம், காலை இளம்பரிதியின் கதிர்களில் நீலக்கடல் ஒளிர்வதைத்தான் காட்டுகிறது. 1916இல் புதுச்சேரியைத் தாக்கிய புயலைக் கணவனும் மனைவியும் வீட்டுக்குள் இருந்து பேசிக்கொள்ளும் பேச்சாகவே அவர் பாடினார். ஆகவே குழந்தைப் பருவத்தில் கண்ட பொருளே வேண்டும் என்பதில்லை. குழந்தை பார்த்த முறை கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். அவருடைய வசன கவிதையில் காற்றைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். ஓலைப் பந்தலில் கட்டி எஞ்சிய கயிறு ஒரு சாண் அளவுக்குத் தொங்கி, காற்றில் ஆடுகிறது. அதற்குக் கந்தன் என்று பெயர் வைத்து, அருகில் ஆடும் இன்னொரு கயிற்றுக்கு வள்ளியம்மை என்று பெயர் வைத்து, இருவரும் விளையாடுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கயிற்றோடு பேசுகிறார். குடும்பத் தலைவரான ஒருவர் ஒரு சாண் கயிற்றுக்கு அவ்வளவு பொழுதைக் கொடுத்தார். அந்தப் பொழுதைக் கொடுக்க மனம் வருவதைத்தான் குழந்தைப் பருவத்து ஆர்வம் என்று நான் கருதுகிறேன்.

பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு முதலில் உவமையும், அதன் பிறகு பெயரும் கிடைக்க வேண்டும். பெயர் கிடைக்காமலே போனால் பார்த்தது நினைவில் தங்குவதில்லை. மணலில் படரும் அந்த ஊதாப் பூக் கொடியை நம் பக்கத்தில் அடப்பங்கொடி என்கிறார்கள், இலை இரண்டாகப் பிளந்திருப்பதால் ஆட்டுக்கால் கொடி என்றும் சொல்வதுண்டு. குறுந்தொகையின் 243ஆம் பாட்டு அதை "மான்அடி அன்ன கவட்டிலை" உடைய அடும்பு என்கிறது. அதன் பூக்களைப் பறித்துப் பெண்கள் வண்டல் விளையாடுவதையும் சொல்கிறது. தாவரவியலார் அதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளும் ஆட்டின் பாதம் என்பதுதான். சங்கப் புலவரும், தாவரவியலாரும், ஆடு மேய்க்கும் நம் ஊர்ப் பிள்ளையும் ஒரே இலையை ஒரே விதமாகப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டனார்களுக்குக் கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் தெரியும். கடலில் செங்குத்தாக விழுந்து மீனைக் கவ்வும் பறவைக்கு ஆலா என்றும், கரை மணலில் குறுகுறுவென்று ஓடும் சிறு பறவைக்கு உள்ளான் என்றும் பெயர் தெரியும். பேரப்பிள்ளைகளில் பலர் எல்லாவற்றையும் "குருவி" என்கிறார்கள். இந்தப் பெயர்கள் பாடநூலில் வரப்போவதில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் இந்தத் தலைமுறை முடிவதற்குள்.

இன்னொன்றை மிகுந்த தயக்கத்தோடு எழுதுகிறேன். நம் கரையின் பிள்ளைகளிடம் கடலின் அழகை மட்டும் கேட்பது நியாயம் ஆகாது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினமும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களும் பட்டது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன் பல மாதங்கள் கிழக்குப் பக்கச் சன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தான். நான் அவனிடம் கடலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் ஒருநாள், வகுப்புக்குத் தொடர்பே இல்லாமல் எழுந்து, "ஐயா, அன்னிக்குக் காக்காயெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். அது கேள்வியாக வந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அச்சத்துக்குள்ளிருந்து ஆர்வம் மறுபடியும் தலை நீட்டியிருந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்தபோதும் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட கேள்விகள் எழுந்தன. நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்தது காரணமில்லாமல் அன்று.

இனி, வகுப்பில் என்ன செய்யலாம் என்பது. "கவிதை எழுதுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நிலா வந்துவிடும். ஒரு மணி நேரம் கரைக்கு அழைத்துப்போய், ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லுங்கள். பிறகு "இது எது போல இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள், விடையிலுள்ள பொருள் அவரவர் வீட்டில் இருப்பதாக அமைய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். "அழகு" என்ற சொல்லை அன்று ஒரு நாளைக்கு விலக்கி வையுங்கள். நான் இப்படிச் செய்தபோது, கரையில் ஒதுங்கிய சொறிமீனைப் பார்த்து "ஆறின கஞ்சியில படிஞ்ச ஆடை" என்றான் ஒருவன். ஆலா கடலில் விழுவதைப் பார்த்து, "தையல் மிஷின் ஊசி மாதிரி, குத்திட்டு உடனே மேல வருது" என்றான் இன்னொருவன். அவன் அம்மா தையல் வேலை செய்பவர். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டிருந்துவிட்டு, அலை நுரைத்துத் திரும்பும் ஓசை, பொங்கிவரும் உலையில் தண்ணீர் தெளித்தால் அது அடங்குகிற சத்தம் போல இருக்கிறது என்றாள்.

அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் பெயரோடும் தேதியோடும் எழுதி வைத்தேன். அப்போது அவர்களிடம் உணர்ச்சியை நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். உரிப்பொருளைக் குழந்தையிடம் அவசரப்படுத்திக் கேட்டால் அது பெரியவர்களிடமிருந்து இரவல் வாங்கித்தான் தர வேண்டியிருக்கும். உலைச் சத்தம் சொன்ன அந்தப் பெண் இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சில ஆண்டுகளுக்கு முன் தன் அம்மா இறந்த செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தவள், பேச்சின் நடுவில், தான் எழுதியதாக நான்கு வரி படித்தாள். சோறு வடிக்கும்போது உலை அடங்குகிற சத்தத்தில் இப்போதெல்லாம் தனக்குக் கடல் கேட்கிறது, அதனால் சற்று ஆறலாம் என்று கடற்கரைக்குப் போனால் அங்கே அம்மா உலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அதன் பொருள். பதினோரு வயதில் காதில் விழுந்த ஓசை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்கிறது. அவள் சிறுமியாகச் சொன்ன அந்த வரி நோட்டில் இருப்பதை நான் அப்போதுதான் அவளிடம் தெரிவித்தேன். தான் அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில் இல்லை.

பங்குனி பிறந்தால் உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள வேம்புகள் மொட்டு விட்டுவிடும். ஒரு கொத்தை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணல் நண்டுகள் அந்த வேளையில் வளைக்கு வெளியே இருக்கும். ஓடினால் வராது, உட்கார்ந்தால் வரும். கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐங்குறுநூற்று அடியை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், வேப்பங்கொத்தையும் பைக்குள்ளேயே வைத்திருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் உவமையைச் சொல்லி முடித்த பிறகு, வகுப்புக்குத் திரும்பி, கரும்பலகையில் அவர்களுடைய வரிகளை முதலில் எழுதி, அவற்றுக்குக் கீழே அதே அளவு எழுத்தில் ஓரம்போகியாரின் வரியையும் எழுதுங்கள்.